பெண்களுக்கு மட்டும்! அந்த ஜிம்மில் பணம் கட்டலாமா?

காலை பத்தே முக்கால். மடிப்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடி. கண்ணாடிக் கதவு முழுக்க இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாதபடி மறைத்திருக்கிறார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே மெஷின்கள் வட்டமாக நிற்கின்றன. இரண்டு மெஷின்களுக்கு நடுவே ஒரு சதுரப் பலகை. மெஷினில் முப்பது விநாடி, பலகையில் நின்ற இடத்திலேயே ஓட்டம் முப்பது விநாடி. டிரெயினர் விசில் ஊதினால் எல்லோரும் ஓர் இடம் நகர்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தவர், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போகுமுன் வந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை எனக் கலவையான கூட்டம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒருவர், தாலிச் சரடை டி-ஷர்ட்டுக்குள் போட்டு ஊக்கு குத்தியிருக்கிறார். கைப்பிடியில் ஒருமுறை மாட்டிக்கொண்டதிலிருந்து இந்த ஏற்பாடாம்.

"முட்டி எப்படிக்கா இருக்கு?"

"மாடி ஏறிடறேன்மா. இறங்கறதுக்குள்ளதான் உசுரு போகுது."

விசில். இருவரும் நகர்கிறார்கள்.

கவுன்ட்டரில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி கட்டண அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மாதாமாதம் கட்டினால் ஒரு விலை. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஏறக்குறைய பாதி. "இன்னைக்கே ஜாயின் பண்ணா அட்மிஷன் ஃபீஸ் கிடையாது மேடம்" என்கிறார் கவுன்ட்டர் பெண். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்குகிறார் வந்தவர்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். "வாசல்ல நடந்தா போதாதா?" என்பார்கள். கேள்வி கிண்டலாக வந்தாலும் நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இப்போது?

இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் இது 42 சதவிகிதம். 2022-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2024-ல் வெளியிட்ட கணக்கு இது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். ஆனால், நிற்பதும் நாலு அடி நடப்பதும் இதயம் வேகமெடுக்கும் உழைப்பாகாது என்பதுதான் மருத்துவக் கணக்கு. தமிழ்நாட்டு நிலவரத்தைத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: உடல் எடை கூடுதலாகவோ பருமனாகவோ உள்ள பெண்கள் 2015-16-ல் 30.9 சதவிகிதம், 2019-21-ல் 40.4 சதவிகிதம். இடையில் சுமார் ஐந்தாண்டுதான்.

அதனால்தான் தாம்பரத்திலிருந்து திருப்பூர் வரை மருந்துக்கடை மாடிகளில் இளஞ்சிவப்புப் பலகைகள் முளைக்கின்றன.

அந்தக் கதவு

முதலில் 'பெண்களுக்கு மட்டும்' என்ற இரண்டு சொல்லுக்கு வருவோம். இது வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குபவர்கள், பொது ஜிம்மில் ஒரு பெண்ணாக ஸ்குவாட் செய்து பார்த்ததில்லை என்று அர்த்தம். கண்ணாடி வழியாக வரும் பார்வைகள், எதிரே 'செல்ஃபி' எடுப்பவரின் கேமரா எதைப் பிடிக்கிறது என்ற சந்தேகம், கேட்காமலே வந்து முதுகைத் தொட்டுத் திருத்தும் 'மாஸ்டர்' என ஒவ்வொன்றுக்கும் தனியாக மனத்தைத் தயார்செய்ய வேண்டியிருக்கிறது. பர்தாவைக் கழற்றிவிட்டு வியர்க்க வேண்டிய பெண்ணுக்கும், பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதத்தில் பழைய டி-ஷர்ட்டுக்குள் நுழையாத பெண்ணுக்கும், நூறு கிலோவைத் தொட்ட பெண்ணுக்கும் அந்த மூடிய கதவுதான் முதல் வசதி.

பொது ஜிம்களிலும் 'லேடீஸ் டைமிங்' உண்டே என்பார்கள். உண்டு. காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை. அதாவது, ஆண்கள் யாரும் வராத நேரம். வேலைக்குப் போகும் பெண்ணும் அந்த நேரத்தில் வர முடியாது என்பது யாருக்கும் உறைப்பதில்லை. பெண்களுக்கான ஜிம் அந்தக் காலை ஆறு மணியையும் மாலை ஏழு மணியையும் மீட்டுத் தருகிறது. ஊரில் கிடைக்கும் வேறெந்த இடமும் தராத விஷயம் இது; இதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

ஆனால், பலகையில் உள்ளது உள்ளேயும் இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் பயிற்சியாளர் ஆண். சில இடங்களில் மாலை எட்டு மணிக்கு மேல் 'மிக்ஸட் பேட்ச்'. எல்லா இடத்திலும் சிசிடிவி உண்டு. அந்தக் காட்சி யாருடைய போனில் ஓடுகிறது என்று கேட்க நமக்குக் கூச்சம். கேட்டே ஆக வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், உங்கள் 'முன் - பின்' படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றொரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

---

[பெட்டி] டெக்சாஸில் தொடங்கி டோக்கியோவில் நிலைத்தது

குறைந்த ஓய்வுடன் ஒரு பயிற்சியிலிருந்து அடுத்ததற்கு நகரும் 'சர்க்யூட்' முறையை 1953-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் வடிவமைத்தார்கள். அதைப் பெண்களுக்கென்று தனி வியாபாரமாக்கியது 'கர்வ்ஸ்'. கேரி ஹெவின், டயான் ஹெவின் தம்பதி 1992-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹார்லிங்கனில் முதல் கிளையைத் திறந்தார்கள். அரை மணி நேரம், வட்டமாக ஹைட்ராலிக் மெஷின்கள், ஆண்கள் இல்லை, மேக்கப் வேண்டாம், கண்ணாடி இல்லை. 2000-களின் நடுவில் உலகெங்கும் பத்தாயிரம் கிளைகளை நெருங்கியது. பிறகு அமெரிக்காவில் மளமளவென்று சரிந்தது. ஜப்பானிலோ, 2005-ல் நுழைந்த அதே கர்வ்ஸ் இன்று சுமார் இரண்டாயிரம் கிளைகளுடன் நிற்கிறது. 2018-ல் அமெரிக்கத் தாய் நிறுவனத்தையே ஜப்பானியக் குழுமம் வாங்கிவிட்டது. அங்கே வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்.

---

மாடி இறங்கும்போது வலிப்பது ஏன்?

இனி, பணத்துக்கு உடம்பு என்ன பெறுகிறது என்று பார்ப்போம்.

பெண்களுக்கான சர்க்யூட் ஜிம்களில் இரண்டு வகை. ஒன்று, கர்வ்ஸ் பாணி ஹைட்ராலிக் மெஷின் வட்டம். இன்னொன்று, மெஷின் குறைவாக, டம்பெல், ஸ்டெப் பலகை, ரப்பர் பேண்ட் வைத்துப் பயிற்சியாளர் நடத்தும் வட்டம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், உடம்புக்கு ஒன்றல்ல.

ஹைட்ராலிக் மெஷினில் இரும்புத் தட்டுகள் கிடையாது. எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய்தான் எதிர்ப்பைத் தருகிறது. அலுவலகக் கதவு தானாகச் சாத்திக்கொள்ள மேலே ஒரு கருவி பொருத்தியிருப்பார்களே, அதே வித்தை: மெதுவாகத் தள்ளினால் லேசாகப் போகும், வேகமாகத் தள்ளினால் முரண்டு பிடிக்கும். இதில் நன்மை நிறைய. தட்டு மாற்றும் வேலை இல்லை, எதுவும் காலில் விழாது, அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் அடுத்தடுத்து உட்காரலாம். மறுநாள் உடம்பு வலியும் அதிகம் இராது.

அந்த வலி ஏன் இல்லை என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. தசை இரண்டு விதமாக உழைக்கிறது. எடையைத் தூக்கும்போது சுருங்கிக்கொண்டு உழைக்கிறது. அதே எடையை மெல்ல இறக்கும்போது நீண்டுகொண்டே தாங்குகிறது. மறுநாள் வலிக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். ஹைட்ராலிக் மெஷினில் இறக்குவது என்பதே கிடையாது. போகும்போதும் தள்ளுகிறோம், வரும்போதும் இழுக்கிறோம், அவ்வளவுதான். மாடிப்படி இறங்குவது, தரையில் மெல்ல உட்காருவது, இந்தியக் கழிப்பறையில் குந்துவது எல்லாமே தொடைத்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலைகள். "இறங்கறதுக்குள்ள உசுரு போகுது" என்ற அந்த அக்காவுக்கு வேண்டிய பயிற்சியில் சரிபாதியை அந்த வட்டம் தரவே இல்லை.

இன்னொன்று, மெஷினில் எண் கிடையாது. போன மாதம் பத்து கிலோ, இந்த மாதம் பன்னிரண்டு என்று தெரிந்தால்தானே உடம்பு பலப்படுகிறதா என்று தெரியும்? பக்கத்து மெஷின்காரரோடு சீரியல் கதை பேசிக்கொண்டே மெதுவாகத் தள்ளினால், மெஷினும் அதற்கேற்ப இளகிக்கொடுத்துவிடும். முதல் சில மாதங்களில் மூச்சு வாங்குவது குறையும், உடம்பு லேசாகும். அதற்குப் பிறகு பலருக்கு அங்கேயே நின்றுவிடும்.

எடை குறையுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் பலருக்குப் பிடிக்காது.

எந்தச் செயலுக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் பட்டியல் ஒன்று இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பது 1 என்றால், கர்வ்ஸ் பாணிப் பயிற்சி 3.5. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடப்பதும் ஏறக்குறைய அதே 3.5. ஓய்வே கொடுக்காமல் கெட்டில்பெல்லும் குதிப்புமாக வாட்டி எடுக்கும் சர்க்யூட்டுக்கு 8. அறுபத்தைந்து கிலோ உள்ள பெண்ணுக்கு அரை மணியில் முதலாவது 115 கலோரி வாக்கில் வரும், கடைசியாகச் சொன்னது 260. முதல் கணக்கை ஒரு உளுந்து வடை தீர்த்துவிடும்.

ஆக, வீட்டுக்காரர்கள் கேட்ட "நடந்தா போதாதா?" கலோரிக் கணக்கில் சரிதான். ஆனால், கலோரிக்காக மட்டும் யாரும் ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்த வழிகாட்டல், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது. நடைப்பயிற்சி முதல் பாதியைத் தீர்க்கும். இரண்டாவது பாதியைத் தீர்க்காது. வாரம் மூன்று நாள் அரை மணி நேர சர்க்யூட் போனால் 90 நிமிடமும் ஓரளவு தசைப் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கும். மிச்சம் 60 நிமிடத்தை நடந்து ஈடுகட்டலாம். எடை மெஷினுக்குப் பதில் இஞ்ச் டேப்பை நம்புங்கள். இந்தியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிக் கவனம் வேண்டும். அந்த எண் இறங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஐந்து கிலோவோடு முடியும் ரேக்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்னை எலும்பு. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய எலும்பின் அடர்த்தி வேகமாக இறங்கும். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களிடம் 'லிஃப்ட்மோர்' என்ற சோதனையை நடத்தினார்கள். ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரை மணி மட்டும், கண்காணிப்பின்கீழ் கனமான எடை தூக்கினார்கள்: டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்குமேல் தூக்குவது. முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவிகிதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த பிரிவினருக்கு 1.2 சதவிகிதம் குறைந்தது.

நேரம் அங்கேயும் அரை மணிதான். வித்தியாசம் எடையில்.

நம் பெண்கள் ஜிம்கள் பலவற்றில் டம்பெல் வரிசை ஒரு கிலோ ரோஸ் நிறத்தில் தொடங்கி ஐந்து கிலோ ஊதா நிறத்தில் முடிந்துவிடுகிறது. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பவர்களும், முப்பது கிலோ காஸ் சிலிண்டரை உருட்டி மாட்டுபவர்களும்தான் அங்கே வருகிறார்கள். "வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவீங்க மேடம்" என்று ஒரு பயிற்சியாளர் இன்னமும் சொல்கிறார் என்றால், அவருடைய பயிற்சி எந்த ஆண்டில் நின்றுபோனது என்று யோசிக்க வேண்டியதுதான். பெண்ணின் உடலில் அந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் கிடையாது. ஆண்டுக்கணக்கில் அதற்கென்றே உழைத்தாலொழிய அப்படிப்பட்ட தசை வராது.

எடுத்த எடுப்பிலேயே கனமான எடையைத் தொட வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், இதயச் சிக்கல் உள்ளவர், முட்டி அறுவை செய்துகொண்டவர், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வட்டத்துக்குள்ளும் இறங்கக் கூடாது. புதிதாகத் தொடங்கும் மற்றவர்களுக்கு லேசான வட்டம் நல்ல முதல் வகுப்பு. அந்த வகுப்பிலேயே வருடக்கணக்கில் உட்கார வைப்பதுதான் என் புகார்.

---

[பெட்டி] பணம் கட்டுமுன் கவுன்ட்டரில் கேட்க வேண்டியவை

ரேக்கில் அதிகபட்ச எடை என்ன? என் எடையும் எண்ணிக்கையும் யாராவது நோட்டில் எழுதுவார்களா? ஒரு பேட்ச்சில் எத்தனை பேருக்கு எத்தனை டிரெயினர், எல்லா நேரத்திலும் பெண் டிரெயினர்தானா? பிரசவம், ஆபரேஷன், வெளியூர் என்றால் நாள்களை நிறுத்திவைக்கலாமா? பாதியில் நிறுத்தினால் பணம் திரும்புமா, அது ரசீதில் எழுதியிருக்கிறதா? புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்லி வற்புறுத்தினால் கேள்வியே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

---

போகாமல் கட்டும் பணம்

2006-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது' என்ற பொருளில் வரும். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை ஆராய்ந்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே இடத்தில் பத்து டாலர் கொடுத்து ஒவ்வொரு முறையும் போகும் வசதி இருந்தது!

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 18,000 ரூபாய் மொத்தமாகக் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள் விடாமல் போனால் ஒரு நாளைக்கு 125 ரூபாய்க்கும் குறைவு. மாதம் நான்கு முறை போனால் 375. ஆடி மாத விருந்தாளிகள், பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் கண் ஆபரேஷன், தீபாவளி என்று போனால், சலுகை விலை என்று கட்டிய தொகைதான் அதிக விலையாக முடியும். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணத்தில் போங்கள். தள்ளுபடி எங்கும் ஓடிப்போகாது. இன்றைக்கு மட்டும் என்பது அடுத்த வாரமும் இருக்கும்.

தூரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஸ்கூட்டியில் இருபது நிமிடம் போக வேண்டிய நல்ல ஜிம்மைவிட, நடந்தே போகக்கூடிய சுமாரான ஜிம் மேல் என்பது என் கட்சி. அரை மணிப் பயிற்சிக்கு முக்கால் மணி போக்குவரத்து என்றால் முதலில் கைவிடப்படுவது பயிற்சிதான்.

வரி விஷயமும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. பழைய கட்டண அட்டையையே நீட்டினால் கேளுங்கள். பதிவு எண் இல்லாத ரசீதில் ஜிஎஸ்டி என்று வசூலிக்கவே கூடாது.

வருடச் சந்தாவை வாங்கிக்கொண்டு நாலாவது மாதம் ஷட்டரை இறக்கிவிடுவதும், பெண்களுக்கு மட்டும் என்று சேர்த்துவிட்டு ஆட்கள் போதவில்லை என்று ஆண்களையும் சேர்ப்பதும் சேவைக் குறைபாடு. ரசீது, விளம்பரத் துண்டறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

சேரலாமா?

ஏற்கெனவே எடை தூக்கிப் பழகியவர் சேர வேண்டாம். ஒரு மாதத்தில் சலித்துவிடும். தினமும் நடக்கிறவர், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் விடாமல் செய்யக்கூடியவர் என்றால் காசை மிச்சம் பிடிக்கலாம். மாநகராட்சிப் பூங்காக்களில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளும் இருக்கின்றன; மாலையில் அவற்றை ஊஞ்சலாக்கிவிட்ட பிள்ளைகளிடமிருந்து மீட்பது மட்டும் உங்கள் சாமர்த்தியம்.

இதுவரை எந்தப் பயிற்சியும் செய்யாதவர், பொது ஜிம் வாசலிலேயே திரும்பி வந்தவர், ஐம்பதைத் தாண்டித் தனியாகச் செய்யப் பயப்படுபவர் ஆகியோருக்கு என் பதில், சேருங்கள் என்பதுதான். மாதக் கட்டணத்தில், முடிந்தால் டம்பெல் வட்டம் உள்ள இடத்தில். ஹைட்ராலிக் வட்டம்தான் பக்கத்தில் இருக்கிறது என்றால் அதிலேயே தொடங்குங்கள். வீட்டில் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில மாதத்தில், அடுத்தது என்ன என்று கேளுங்கள்.

இலவச டிரையல் வகுப்பு எல்லோரும் தருகிறார்கள். கவுன்ட்டர் பெண் சொல்லும் நேரத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் தினமும் வரப்போகும் நேரத்துக்குப் போங்கள். கூட்டம், வியர்வை வாடை, டாய்லெட், டிரெயினர் யாரைப் பார்க்கிறார், யாரைப் பார்க்காமல் போனில் இருக்கிறார் எல்லாம் அப்போதுதான் தெரியும். கிளம்பும்போது ஒன்றைக் கேளுங்கள்: "நான் ஒரு வாரம் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும் என்றால், அது எல்லோருக்கும் தானாகப் போகும் மெசேஜ். டிரெயினர் போன் செய்வார் என்றால், எந்த டிரெயினர், அவர் அங்கே சேர்ந்து எவ்வளவு நாளாகிறது என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.